எல்எம்இ4 தொகுப்பை ஒரு திட்டத்துக்குள் மட்டும் நிறுவ வேண்டும். பொதுச் சர்வரில் மற்றவர்களின் வேலை உடையக் கூடாது

நெடுங்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் ஆய்வுக்குழு முழுவதும் ஒரே லினக்ஸ் சர்வரைப் பயன்படுத்துகிறது. அதில் ஆர் என்ற புள்ளியியல் மொழியின் 4.3.1 பதிப்பு இருக்கிறது. எனக்கு நிர்வாகி அனுமதி கிடையாது. ஒரே நபரிடம் பலமுறை எடுத்த அளவீடுகளை வைத்துக் கலப்பு விளைவு மாதிரி பொருத்துகிறேன். அதற்கு எல்எம்இ4 வேண்டும்.

பொது நூலகக் கோப்புறையில் அது ஏற்கெனவே இருக்கிறது. அண்மைக்காலம் வரை ஒழுங்காக ஓடியது. குழுவில் ஒருவர் தம் வேலைக்காக, அணிக் கணக்குகளுக்கான மேட்ரிக்ஸ் தொகுப்பைப் புதுப்பித்தார். அன்றிலிருந்து, மாதிரியைப் பொருத்தும் எல்மெர் கட்டளையைக் கொடுத்தவுடன், ஒரு செயற்கூற்றின் பெயரைச் சொல்லி, "மேட்ரிக்ஸ் தொகுப்பு இதை வழங்கவில்லை" என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. தொகுப்பு லோடாவதில் எந்தச் சிக்கலும் இல்லை. மாதிரியைப் பொருத்தும்போதுதான் விழுகிறது.

பழைய மேட்ரிக்ஸைத் திரும்பப் போட்டால் அவருடைய வேலை கெடும். போடாவிட்டால் என்னுடையது நடக்காது. என் திட்டக் கோப்புறைக்குள் மட்டும் எனக்கு வேண்டிய பதிப்புகளை வைத்துக்கொள்ள வழி உண்டா? ஆய்வுக்கட்டுரை மதிப்பீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போதும் இதே எண்கள் கிடைக்க வேண்டும் என்பது என் இரண்டாவது கவலை.

---

மரக்கலம்

வழி உண்டு. ஆனால் முதலில் அந்தப் பிழைச்செய்தியைப் புரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் தனிச் சூழலுக்குள்ளும் அதே பிழை வந்து நிற்கும்.

எல்எம்இ4 தன் கணக்கு முழுவதையும் ஆர் மொழியிலேயே செய்வதில்லை. உள்ளே சி++ நிரல் இருக்கிறது. பெரும்பாலும் சுழியங்களால் நிறைந்த பெரிய அணிகளைக் காரணிப்படுத்த, அந்த நிரல் மேட்ரிக்ஸ் தொகுப்பிலுள்ள சி செயற்கூறுகளை நேரடியாக அழைக்கிறது. எந்தப் பெயரில் அழைப்பது என்பது எல்எம்இ4 கம்பைல் ஆகும்போதே (மூல நிரல் இயந்திர நிரலாக மாறும்போதே) முடிவாகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் எந்த மேட்ரிக்ஸ் இருந்ததோ அதைப் பார்த்துத்தான் முடிவாகும். 2023 இறுதியில் வந்த மேட்ரிக்ஸ் 1.6-2 பதிப்பில் அந்த அழைப்புப் பெயர்கள் மாறின. ஆகவே ஒரு மேட்ரிக்ஸோடு கம்பைல் ஆன எல்எம்இ4, ஓடும்போது வேறொரு மேட்ரிக்ஸைச் சந்தித்தால் நீங்கள் பார்த்த பிழைதான் வரும். இரண்டு தொகுப்புகளில் எதிலும் குறை இல்லை. ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியாக நிறுவப்பட்டதுதான் கோளாறு.

இனி உங்கள் கேள்வி. ஆர் ஒரு தொகுப்பைத் தேடும்போது சில கோப்புறைகளை வரிசையாகப் பார்க்கும். 'லிப்பாத்ஸ்' செயற்கூறு அந்த வரிசையைக் காட்டும். முதல் கோப்புறையில் கிடைத்தால் அடுத்ததைப் பார்க்காது. உங்கள் திட்டத்துக்கென்று ஒரு நூலகத்தை உருவாக்கி அதை வரிசையின் முதலிடத்தில் வைப்பதுதான் தனிச்சூழல் என்பதன் முழு உள்ளடக்கம். இதைக் கையாலும் செய்யலாம், செய்ய வேண்டாம். ரென்வ் தொகுப்பு இதை ஒழுங்காகச் செய்கிறது. ஆர்ஸ்டுடியோவை உருவாக்கி, 2022 இல் பாசிட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் பராமரிப்பது. முன்பிருந்த பேக்ராட்டின் இடத்தைப் பிடித்தது.

திட்டக் கோப்புறைக்குள் ஆரைத் திறந்து ரென்வின் 'இனிட்' கட்டளையைக் கொடுங்கள். புள்ளியில் தொடங்கும் ஆர்ப்ரொஃபைல் கோப்பு ஒன்று, ரென்வ் என்ற கோப்புறை ஒன்று, தொகுப்புகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் ரென்வ்.லாக் என்ற பூட்டுக் கோப்பு ஒன்று உருவாகும். ஆரை மூடித் திறந்தபின் லிப்பாத்ஸ் என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். முதல் வரியில் உங்கள் திட்டத்தின் பாதை இருக்க வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் நிறுவாதீர்கள்.

---

நெடுங்கணக்கு

விளக்கத்துக்கு மிக்க நன்றி. லிப்பாத்ஸின் முதல் வரியில் திட்டத்தின் பாதை வருகிறது. அடுத்து ரென்வின் 'இன்ஸ்டால்' கட்டளையால் எல்எம்இ4-ஐ நிறுவப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நின்றது.

ஒன்று, என்லாப்ட்ஆர் என்ற தொகுப்பு கம்பைல் ஆகும்போது "சிமேக் கிடைக்கவில்லை" என்று சொல்கிறது. இரண்டு, மேட்ரிக்ஸைப் புதிதாகத் தனியே நிறுவப் பார்த்தால், இந்த ஆர் பதிப்புக்கு அது கிடைக்காது என்கிறது. சிமேக் என்பது மூல நிரலைக் கட்ட உதவும் கருவி; சர்வரில் அதை நிறுவ எனக்கு அனுமதி இல்லை.

---

விலகல்

இந்த இரண்டும் வேறு வேறு சிக்கல்கள், ஆனால் ஒரே தீர்வில் இரண்டும் தீரும்.

மேட்ரிக்ஸ் 1.7-0 முதல், ஆர் 4.4 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு கட்டாயம். ஆர் 4.4.0 வெளியானது 2024 ஏப்ரலில். ஆர் தொகுப்புகளின் அதிகாரபூர்வத் தளமான க்ரான் எப்போதும் ஒவ்வொரு தொகுப்பின் கடைசிப் பதிப்பை மட்டும்தான் முன்னால் வைக்கும்; பழையவை ஆவணப் பகுதிக்குப் போய்விடும். அதனால் 4.3.1 வைத்திருப்பவர் இன்று க்ரானைக் கேட்டால் "உனக்கில்லை" என்ற பதில்தான் வரும்.

என்லாப்ட்ஆர் சிக்கல் வேறு வகை. லினக்ஸுக்கு க்ரான் பைனரிகளை (முன்பே கம்பைல் ஆன பிரதிகளை) தருவதில்லை. விண்டோஸ், மேக் இரண்டுக்கும்தான் தருகிறது. எனவே லினக்ஸில் ஒவ்வொரு தொகுப்பும் மூல நிரலிலிருந்து கம்பைல் ஆக வேண்டும். எல்எம்இ4 உகப்பாக்கத்துக்கு (மிகப் பொருத்தமான மதிப்புகளைத் தேடும் கணக்குக்கு) என்லாப்ட்ஆரைச் சார்ந்திருக்கிறது. என்லாப்ட் என்ற சி நூலகம் சர்வரில் இல்லாவிட்டால், என்லாப்ட்ஆர் தன்னோடு வந்த பிரதியைத் தானே கட்டப் பார்க்கும். கட்டுவதற்குச் சிமேக் வேண்டும். ரென்வ் ஆர் தொகுப்புகளை மட்டுமே தனிமைப்படுத்தும். கம்பைலரையும் சிமேக்கையும் லினக்ஸ் நூலகங்களையும் அது கொண்டுவந்து தராது. தனிச்சூழல் என்றாலே எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அடங்காது.

இரண்டுக்கும் சேர்ந்த தீர்வு: பாசிட்டின் பொதுத் தொகுப்புக் களஞ்சியம். அதில் இரண்டு வசதிகள். க்ரான் ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கேட்கலாம். முகவரியில் அந்த நாளைச் சேர்த்தால் போதும். அத்தோடு, பரவலாகப் பயன்படும் லினக்ஸ் வகைகளுக்குக் கம்பைல் ஆன பைனரிகளும் கிடைக்கும். பைனரி கிடைத்தால் சிமேக் தேவைப்படாது.

ஆகவே களஞ்சிய முகவரியை 2024 மார்ச் தொடக்கத்து நாள் ஒன்றுக்கு மாற்றுங்கள். அன்று முன்னால் இருந்தது மேட்ரிக்ஸ் 1.6-5, அது உங்கள் ஆருக்குப் பொருந்தும். அன்றைய எல்எம்இ4-உம் அன்றைய மேட்ரிக்ஸும் ஒரே காலத்தவை. ஒவ்வொரு தொகுப்பாகப் பதிப்பு எண்ணைத் தேடித் தேடிப் பொருத்துவதைவிட, எல்லாவற்றையும் ஒரே நாளிலிருந்து எடுப்பது எவ்வளவோ மேல். சார்புத் தொகுப்புகள் பத்தோ இருபதோ இருக்கும். அவற்றைக் கையால் பொருத்திக் கரை சேர முடியாது.

ஒரு குறிப்பு: முகவரியில் உங்கள் லினக்ஸின் குறிப்பெயர் இல்லாவிட்டால் அந்தக் களஞ்சியம் மூல நிரலைத்தான் தரும். ரென்வின் அண்மைப் பதிப்புகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. நிறுவும்போது திரையைக் கவனியுங்கள். சி++ கம்பைலர் வரிகள் நீள நீளமாக ஓடினால் உங்களுக்கு வந்தது பைனரி அல்ல.

பைனரி வந்த பிறகும் அதே பழைய பிழை தலைகாட்டினால், அந்த எல்எம்இ4 பைனரி வேறு மேட்ரிக்ஸோடு கம்பைல் ஆனது என்று பொருள். அப்போது ரென்வின் 'ரீபில்ட்' கட்டளையை, சார்புகளைத் தொடாமல் எல்எம்இ4-க்கு மட்டும், மூல நிரல் வகையைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். உங்கள் சூழலிலுள்ள மேட்ரிக்ஸைப் பார்த்து மூல நிரலிலிருந்து மறுபடி கம்பைல் ஆகும். அதற்குச் சி++ கம்பைலர் மட்டும் போதும். சற்று நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள்.

---

பரவளைவு

இவ்வளவு சுற்ற வேண்டுமா? கோண்டா என்ற தொகுப்பு மேலாளரை நிறுவினால் ஆர், கம்பைலர், சிமேக், எல்எம்இ4 அனைத்தும் நிர்வாகி அனுமதி இல்லாமலே பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் வந்துவிடும். கோண்டா-ஃபோர்ஜ் தடத்தில் ஆர் தொகுப்புகள் முன்னொட்டோடு கிடைக்கின்றன, எல்எம்இ4-உம் இருக்கிறது. ஆர் பதிப்பையும் விரும்பியபடி தேர்ந்தெடுக்கலாம். ரென்வால் அது முடியாது. அனுமதியில்லாத பயனருக்கு இதுதான் நேர்வழி என்பது என் உறுதியான எண்ணம்.

---

மரக்கலம்

பரவளைவு சொல்வதில் பாதி எனக்கு முழு உடன்பாடு. ஆரின் பதிப்பே போதாமல் போனால், அனுமதியும் இல்லாவிட்டால், கோண்டா நல்ல வழி.

ஆனால் அந்த வழியில் போகிறவர் இறுதிவரை அதிலேயே போக வேண்டும். கோண்டா தந்த ஆருக்குள் போய், கோண்டாவில் கிடைக்காத ஏதோ ஒரு சிறு தொகுப்புக்காக ஆரின் வழக்கமான நிறுவும் கட்டளையைக் கொடுப்பார்கள். அது கோண்டாவுக்குத் தெரியாமல் மேட்ரிக்ஸையோ, ஆரைச் சி++-உடன் இணைக்கும் ஆர்சிபிபியையோ புதுப்பித்துவிடும். மறுநாள் எல்எம்இ4 விழும். இந்த இழையின் முதல் கேள்வி எதுவோ அங்கேயே வந்து நிற்போம். இப்படிக் கலந்துகட்டி உடைந்த சூழல்களைச் சரிசெய்யச் சொல்லிப் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் சரிசெய்ய முடிவதில்லை; அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து கட்டுவதே விரைவு.

நெடுங்கணக்குக்கு ஆர் 4.3.1 போதும். குழுவினரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அவருக்கு ரென்வே பொருத்தம் என்பேன்.

---

நெடுங்கணக்கு

விலகல் சொன்னபடி களஞ்சியத்தை 2024 மார்ச்சுக்கு மாற்றினேன். கம்பைலர் வரிகள் ஓடவில்லை, தொகுப்புகள் விரைவாக வந்துவிட்டன. மேட்ரிக்ஸின் பதிப்பு 1.6-5 என்று காட்டுகிறது, பாதையும் திட்டத்துக்குள் இருக்கிறது. இருந்தும் மாதிரியைப் பொருத்தியபோது பழைய பிழை வந்தது. ரீபில்ட் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

எண்கள் சரிதானா என்று பார்க்க ஏதாவது எளிய சோதனை உண்டா?

---

விலகல்

உண்டு. எல்எம்இ4-உடனேயே வரும் 'ஸ்லீப்ஸ்டடி' தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 18 பேர், ஒவ்வொருவருக்கும் 10 நாள் அளவீடு, மொத்தம் 180 வரிசைகள். தூக்கம் குறையக் குறைய எதிர்வினை நேரம் எப்படி நீள்கிறது என்பதுதான் தரவு. எதிர்வினை நேரத்தை நாளின் மேல் பொருத்தி, வெட்டுத்துண்டும் சாய்வும் ஆளுக்கு ஆள் மாறலாம் என்று விடுங்கள். நிலைத்த விளைவுகளில் வெட்டுத்துண்டு 251.405, நாளின் சாய்வு 10.467 என்று வர வேண்டும். மாதிரியின் பொருத்தத்தைக் காட்டும் ரெம்எல் அளவுகோல் 1743.6.

இந்தச் சில வரிகளை ஒரு தனி நிரல் கோப்பாகத் திட்டத்திலேயே வைத்துவிடுங்கள். சூழலைப் புதிதாகக் கட்டும்போதெல்லாம் முதலில் ஓடவேண்டியது அதுதான். எண் பொருந்தினால் எல்எம்இ4, மேட்ரிக்ஸ், என்லாப்ட்ஆர் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்திருக்கின்றன என்று நம்பி உங்கள் சொந்தத் தரவுக்குப் போகலாம்.

---

நெடுங்கணக்கு

251.405, 10.467. அப்படியே வந்தது. மிகுந்த நிம்மதி.

இன்னொன்று கேட்கிறேன். என் மாதிரி ஒருங்கவில்லை (உகப்பாக்கம் நிலையான விடையை எட்டவில்லை) என்ற எச்சரிக்கை சில நேரம் வருவதால், எல்லா உகப்பாக்கிகளையும் வைத்துப் பொருத்திப் பார்க்கும் 'ஆல்ஃபிட்' செயற்கூற்றைப் பயன்படுத்துகிறேன். அதற்காக ஆப்டிம்எக்ஸ், டிஎஃப்ஆப்டிம் என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவினேன். பிறகு பதிப்புகளைப் பதிவு செய்யும் 'ஸ்னாப்ஷாட்' கட்டளையைக் கொடுத்துப் பூட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தால் எல்எம்இ4 இருக்கிறது, மேட்ரிக்ஸ் இருக்கிறது, இந்த இரண்டும் இல்லை. நூலகத்தில் இருக்கின்றன, பதிவாகவில்லை. ரென்வில் பிழையா?

---

விலகல்

பிழை இல்லை, அதன் இயல்பே அப்படி. ஸ்னாப்ஷாட் கொடுக்கும்போது ரென்வ் நூலகத்தில் இருப்பதையெல்லாம் பதிவு செய்வதில்லை. உங்கள் நிரல் கோப்புகளைப் படித்து, 'லைப்ரரி' என்றோ 'ரெக்வயர்' என்றோ இரட்டை முக்காற்புள்ளிகளோடோ எந்தெந்தத் தொகுப்பின் பெயர் வருகிறது என்று பார்க்கும். அவையும் அவற்றின் சார்புகளும்தான் பூட்டுக் கோப்பில் ஏறும். சும்மா முயன்று பார்க்க நிறுவிய தொகுப்புகள் பதிவில் சேராமல் இருப்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு.

ஆனால் ஆல்ஃபிட் அந்த இரண்டு தொகுப்புகளையும் உள்ளுக்குள் தானே தேடிப் பயன்படுத்துகிறது. உங்கள் நிரலில் அவற்றின் பெயரே இல்லை. அதனால் ரென்வின் கண்ணில் படவில்லை.

இதை விட்டுவிட்டால் நேர்வது இதுதான். உங்கள் கூட்டாளி வேறு கணினியில் சூழலை மீட்டெடுப்பார். நிரல் பிழையின்றி ஓடும். ஆல்ஃபிட் மட்டும் கிடைத்த உகப்பாக்கிகளோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் அட்டவணைக்கும் அவருடைய அட்டவணைக்கும் வரிசை எண்ணிக்கை வேறுபடும். பிழை காட்டி நின்றால் உடனே கவனிப்போம். இப்படிச் சத்தமின்றி மாறுவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

தீர்வு எளிது. 'டிபெண்டன்சீஸ்' என்ற பெயரில் ஓர் ஆர் கோப்பை உருவாக்கி, அந்த இரண்டு தொகுப்புகளுக்கும் லைப்ரரி வரிகளை எழுதிவிடுங்கள். அந்தக் கோப்பை எங்கும் ஓட்ட வேண்டாம். ரென்வ் படித்தால் போதும். மறுபடி ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

---

முகிலோடை

இதே நிலையில் இருப்பவள் என்பதால் ஒரு கூடுதல் தகவல். உங்கள் சர்வரில் வேலைகளை வரிசையில் போட்டு ஓட்டும் முறை இருந்தால் இது கட்டாயம் தேவைப்படும்.

ரென்வ் உயிர்பெறுவது திட்டத்திலுள்ள ஆர்ப்ரொஃபைல் கோப்பின் வழியாக. ஆர் அந்தக் கோப்பைத் தான் தொடங்கும் கோப்புறையில் மட்டுமே தேடும். அங்கே இல்லாவிட்டால் பயனரின் முதன்மைக் கோப்புறைக்குப் போய்விடும். வேலையை உங்கள் முதன்மைக் கோப்புறையிலிருந்து அனுப்பி, நிரலின் முழுப் பாதையை மட்டும் கொடுத்தால் திட்டத்தின் ஆர்ப்ரொஃபைல் படிக்கப்படவே படாது. ஆர் நேராகப் பொது நூலகத்துக்குப் போகும். அங்கேயும் எல்எம்இ4 இருப்பதால் உடனே எதுவும் தெரியாது. திரையில் சரியாக ஓடுவது வரிசையில் போட்டால் விழுகிறது என்று பலர் தவிப்பதற்குக் காரணம் இதுவே. 'வனிலா' தேர்வோடு ஆரை ஓட்டினாலும் இதே விளைவு, ஏனென்றால் அந்தத் தேர்வு தொடக்கக் கோப்புகள் அனைத்தையும் தவிர்த்துவிடும்.

வேலைக் கோப்பின் முதல் வரியிலேயே திட்டக் கோப்புறைக்கு மாறிக்கொள்ளுங்கள். நிரலின் தலைப்பில் லிப்பாத்ஸையும் மேட்ரிக்ஸின் பதிப்பையும் அச்சிடச் செய்யுங்கள். எந்த நூலகத்தை வைத்து இந்த எண் வந்தது என்பதற்குப் பதிவேட்டில் சான்று இருக்கும்.

பல சர்வர்களில் கணக்கிடும் கணுக்களுக்கு (வரிசை வேலைகளை ஓட்டும் கணினிகளுக்கு) இணையம் இருக்காது. நிறுவுவதையெல்லாம் நுழைவுக் கணுவில் முடித்துவிடுங்கள்; வட்டு பொதுவானது என்றால் நூலகம் அங்கும் தெரியும்.

---

பரவளைவு

வட்டு என்றதும் ஒரு கேள்வி. திட்டத்துக்குத் திட்டம் தனி நூலகம் என்றால் ஒரே தொகுப்பு பத்து இடத்தில் இடம் பிடிக்காதா? குழுவில் ஒவ்வொருவருக்கும் இட வரம்பு உண்டு.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் என்ற புள்ளியியல் தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். அதை நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போதே "லேசிவேர் என்ற பெயரைச் சைபையிலிருந்து இறக்க முடியவில்லை" என்று நிற்கிறது. இதுவும் நீங்கள் சொல்லும் வகைதானா?

---

மரக்கலம்

இடம் பிடிக்காது. ரென்வ் ஒவ்வொரு தொகுப்புப் பதிப்பையும் பொதுவான ஒரு சேமிப்பில் ஒருமுறைதான் வைக்கும். திட்டத்தின் நூலகத்தில் இருப்பவை அந்தச் சேமிப்பைச் சுட்டும் இணைப்புகள். இதனால்தான் திட்டக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் ஓடாது; இணைப்புகள் இல்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். கொண்டுபோக வேண்டியவை உங்கள் நிரல்கள், பூட்டுக் கோப்பு, ஆர்ப்ரொஃபைல், ரென்வ் கோப்புறையிலுள்ள ஆக்டிவேட், செட்டிங்ஸ் கோப்புகள் ஆகியவை மட்டுமே. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்தினால் அதில் அவற்றைச் சேருங்கள். நூலகக் கோப்புறையைத் தவிர்க்கும் ஏற்பாட்டை ரென்வே செய்துவைக்கிறது.

ஸ்டாட்ஸ்மாடல்ஸ் கேள்விக்கு: ஆம், அதே குடும்பத்துப் பிழைதான். சைபை என்ற அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்பின் உள்பயன்பாட்டுக்கான ஒரு செயற்கூற்றை ஸ்டாட்ஸ்மாடல்ஸ் எடுத்துப் பயன்படுத்தியது. சைபை 1.16 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஸ்டாட்ஸ்மாடல்ஸ் 0.14.5 முதல் இது சரிசெய்யப்பட்டுவிட்டது. புதுப்பிக்க முடியாவிட்டால் சைபையை 1.16-க்குக் கீழே நிறுத்திவையுங்கள். இதைக் கணினியின் பொதுப் பைத்தானில் செய்யாதீர்கள். பைத்தான் 3.3 முதல் உடன்வரும் வென்வ் கொண்டு திட்டத்துக்குள் சூழலை உருவாக்கி, அந்தச் சூழலின் பைத்தானைக் கொண்டே, தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்பை ஓட்டுங்கள். டெபியன் 12 போன்ற லினக்ஸ்கள் இப்போது பொதுப் பைத்தானில் பிப் கொண்டு நிறுவுவதையே மறுக்கின்றன. அந்த மறுப்பை மீறி நிறுவும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைப் பரிந்துரைக்கும் பதில்களைப் பின்பற்ற வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பியிருக்கின்றன.

நோட்புக் பயன்படுத்துகிறவராக இருந்தால், அதன் உள்ளிருந்து எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று 'சிஸ்' தொகுப்பின் 'எக்ஸிக்யூட்டபிள்' மாறியைக் கேட்டுப் பாருங்கள். சூழலில் நிறுவிவிட்டு வேறு கெர்னலில் (வேறு பைத்தானில்) ஓட்டிக்கொண்டிருந்தால் தொகுப்பு இல்லை என்ற பதில்தான் வரும்.

---

மரக்கலம்

நெடுங்கணக்கின் இரண்டாவது கவலையை யாரும் இன்னும் தொடவில்லை. கட்டுரை திரும்பி வரும்போது அதே எண்கள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். எனக்கு இந்த இழையில் மிக முக்கியமாகப் படுவது அதுதான், எனவே தனியாக எழுதுகிறேன்.

பூட்டுக் கோப்பு ஆரின் பதிப்பைக் குறித்துவைக்கும், ஆனால் அந்த ஆரை நிறுவித் தராது. சர்வரின் நிர்வாகி ஆரைப் புதுப்பித்துவிட்டால் உங்கள் தொகுப்புகள் பழையவை, அடித்தளம் புதியது. இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்கு ஒரு சான்று. ஆர் 3.6.0 பதிப்பில், 2019 இல், 'சாம்பிள்' செயற்கூறு சமவாய்ப்பு எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றினார்கள். பழைய முறையில் மிகப் பெரிய தொகுதிகளில் சிறு சாய்வு இருந்ததால் திருத்தம் தேவையானதுதான். ஆனால் சமவாய்ப்பு எண்களின் தொடக்க விதையை 123 என்று வைத்து 1 முதல் 10 வரை கலைத்தால், பழைய ஆரில் முதல் மூன்று எண்கள் 3, 8, 4. புதிய ஆரில் 3, 10, 2. விதை ஒன்று, நிரல் ஒன்று, எந்தத் தொகுப்பும் மாறவில்லை, முடிவு வேறு. பூட்ஸ்ட்ராப்போ குறுக்குச் சரிபார்ப்போ செய்திருந்தால் கட்டுரையில் அச்சான எண் திரும்பக் கிடைக்காது. 2020 இல் வந்த ஆர் 4.0.0 இன்னொரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. தரவுச் சட்டகத்தை உருவாக்கும்போது எழுத்துச் சரங்கள் தாமாகவே காரணி வகைக்கு மாறுவது நின்றுபோனது. பழைய நிரல்கள் பல அதை நம்பியே எழுதப்பட்டவை.

ஆருக்கும் கீழே ஓர் அடுக்கு உண்டு. அணிக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ் நூலகம் கணினிக்குக் கணினி மாறும். ஓப்பன்பிளாஸ் வைத்த கணினியிலும் ஆருடன் வரும் மூலப் பிளாஸ் வைத்த கணினியிலும் கடைசித் தசம இடங்கள் வேறுபடலாம். பெரும்பாலும் பொருட்டில்லை. ஒருங்கலின் விளிம்பில் நிற்கும் கலப்பு மாதிரியில், ஒரு கணினியில் எச்சரிக்கை வந்து மற்றதில் வராமல் போக இதுவே போதும். 'செஷன்இன்ஃபோ' கொடுத்தால் ஆரின் பதிப்பும் எந்தப் பிளாஸ் என்பதும் தெரியும். அந்த வெளியீட்டை முடிவுகளோடு சேர்த்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் டாக்கர் போன்ற கொள்கலன்கள்தான் வழி. ராக்கர் திட்டத்தினர் ஆர் பதிப்பு வாரியாகப் படிமங்களைத் தருகிறார்கள். அதற்குள் ரென்வை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். பொதுச் சர்வரில் டாக்கருக்கு அனுமதி கிடைப்பது அரிது என்பதும் எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் ரிக் என்ற கருவி உங்கள் சொந்தக் கணினியில் பல ஆர் பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள உதவும். 4.3.1-ஐ அங்கே பத்திரப்படுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை விடாதீர்கள். உங்கள் சூழல் மீளக் கட்டத்தக்கதா என்பதை இப்போதே சோதியுங்கள். கிட்டிலிருந்து திட்டத்தை வேறொரு காலிக் கோப்புறையில் இறக்குங்கள். பூட்டுக் கோப்பிலிருந்து நூலகத்தை மீட்டெடுக்கும் 'ரிஸ்டோர்' கட்டளையைக் கொடுங்கள். ஸ்லீப்ஸ்டடி சோதனையையும் உங்கள் முதன்மை நிரலையும் ஓட்டுங்கள். நூலகக் கோப்புறை எப்போது வேண்டுமானாலும் அழிக்கத்தக்கது. பூட்டுக் கோப்பு அப்படியல்ல. நூலகத்தை அழிக்கக் கை நடுங்கினால், பதிவாகாத ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது.

---

நெடுங்கணக்கு

செய்து பார்த்தேன். காலிக் கோப்புறையில் ரிஸ்டோர் முடிந்தது. மேட்ரிக்ஸ் 1.6-5, எல்எம்இ4, ஆப்டிம்எக்ஸ், டிஎஃப்ஆப்டிம் நான்கும் வந்தன. ஆல்ஃபிட் அட்டவணை இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறது. முகிலோடை சொன்னபடி வரிசை வேலையிலும் லிப்பாத்ஸ் அச்சிட்டேன். முன்பு அது உண்மையிலேயே பொது நூலகத்தைத்தான் காட்டியது, இப்போது திட்டத்தைக் காட்டுகிறது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு கேள்வி மீதம். 2024 மார்ச்சிலேயே எவ்வளவு காலம் நிற்பது? தொகுப்புகளில் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்குமே.

---

விலகல்

கட்டுரை மதிப்பீடு முடியும்வரை நகராதீர்கள். இடையில் எல்எம்இ4-இல் உங்கள் மாதிரியைப் பாதிக்கும் பிழைத்திருத்தம் வந்தால் மட்டும் விதிவிலக்கு. அதைத் தொகுப்பின் செய்திக் கோப்பில் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

நகரும்போது கிட்டில் ஒரு கிளை பிரித்து, களஞ்சிய நாளை முன்னால் தள்ளி, எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பித்து, முதலில் ஸ்லீப்ஸ்டடி, பிறகு முழு ஆய்வு. நிலைத்த விளைவுகள், அவற்றின் நியமப்பிழைகள், மாறுபாட்டுக் கூறுகள் மூன்றையும் பழைய வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ஸ்னாப்ஷாட் எடுத்துக் கிளையை இணைக்கலாம். பொருந்தாவிட்டால் கிளையை விட்டுவிட்டு, முதன்மைக் கிளைக்குத் திரும்பி ரிஸ்டோர் கொடுங்கள். பழைய பதிப்புகள் ரென்வின் சேமிப்பிலேயே இருப்பதால் மறுபடி இறக்கவும் வேண்டியிருக்காது. 2024 ஏப்ரலைத் தாண்டிப் போவதென்றால் மேட்ரிக்ஸ் 1.7 வந்துவிடும். அதற்கு ஆர் 4.4 வேண்டும் என்பதால், சர்வர் நிர்வாகியிடம் முன்கூட்டியே பேசி, 4.3.1-ஐ நீக்காமல் புதியதையும் பக்கத்தில் நிறுவித் தரச் சொல்லுங்கள்.